எண்ணாத பத்து நிமிஷம்

எழுந்து போங்கள் அம்மா, ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள். மணிக்கு ஐம்பது நிமிஷம் எண்ண வேண்டும், பத்து நிமிஷம் கண்ணுக்கு ஓய்வு. அதுதானே உங்கள் வேலை? இந்தப் பத்து நிமிஷத்தில் கண்ணாடியைக் கடந்து போகிற மீனை யாரும் பார்ப்பதில்லை. பார்த்த ஐம்பது நிமிஷத்துக் கணக்கோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிப் போட்டுக்கொள்வார்கள். நான் அந்தக் கூட்டிப் போட்ட பங்கில் ஒருத்தி. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது வந்திருந்தால் 'சாக்கை, ஒன்று' என்று பொத்தானை அமுக்கியிருப்பீர்கள்; சால்மனில் எங்கள் சாதிக்கு அந்தப் பெயர். என் வாழ்க்கை அத்தோடு சரி. அதனால்தான் மீன்கள் அணை ஏறுகிற ஏணிக்குக் கீழே நுரைக்குள் ஒதுங்கி நின்று, நாற்காலி காலியாகிற நேரம் பார்த்து வந்தேன். காலி நாற்காலியிடமாவது சொல்லிவிட்டுப் போகிறேன். வயிறு எரிகிறது.

இது பான்வில் அணை. கொலம்பியா ஆறு கடலில் விழுகிற இடத்திலிருந்து 146 மைல் உள்ளே, 1938இல் கட்டினீர்கள். நான் போக வேண்டிய வழியில் எட்டு அணைகள்; இது முதலாவது. இன்னும் ஏழு.

மீனுக்கு எப்படி வருஷமும் மைலும் தெரியும் என்று யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: நான் பிறந்தது உங்கள் தொட்டியில். தட்டில் சினையாகக் கிடந்தபோதே தலைக்கு மேல் நின்று கணக்குப் பேசினீர்கள். எத்தனை பொரித்தது, எத்தனை வெளுத்துச் செத்தது, எத்தனை ஏரியில் விடலாம், எத்தனை திரும்பும். பிள்ளைகள் தாலாட்டுக் கேட்டு வளரும் என்பார்கள். நான் புள்ளிவிவரம் கேட்டு வளர்ந்தவள். அதனால் கணக்கிலேயே பேசுகிறேன், உங்களுக்கும் அதுதான் புரிகிறது.

என் ஊர் ஐடஹோ மாநிலத்தில், சாடூத் மலைகளுக்குள் இருக்கிற ரெட்ஃபிஷ் ஏரி. கடலிலிருந்து 900 மைல் தூரம், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். உலகத்தில் வேறெந்தச் சாக்கையும் முட்டையிட இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு உயரம் ஏறுவதில்லை என்று நீங்களே பெருமையாய்ச் சொல்லிக்கொள்கிறீர்கள். ஏறி முடிக்கும்போது எங்கள் உடம்பு குங்குமமாய்ச் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் ஏரிக்கு அந்தப் பெயர் வந்தது. 1990இல் அந்த ஏரிக்கு ஒரு மீன்கூட வரவில்லை. பெயர்ப்பலகை இருந்தது, பெயருக்குரியவர் இல்லை. 1991இல் நான்கு பேர் வந்தார்கள். அந்த நவம்பரில்தான் 'அழியும் இனம்' என்று எங்களைப் பட்டியலில் சேர்த்தீர்கள். 1992இல் வந்தது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றுதான் என் பாட்டன், அல்லது பாட்டனுக்குப் பாட்டன். 900 மைல் ஏறி வந்து பார்த்தால் துணைக்கு ஒரு பெண் மீன் இல்லை. 'தனிமை லாரி' என்று பெயர் வைத்தீர்கள். பெயர் வைக்கிற நேரத்தில் பெண்ணைத் தேடியிருக்கலாம். பிடித்து, விந்துநீரை எடுத்து உறைய வைத்தீர்கள். அவரைப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டினீர்கள். 1991 முதல் 1998 வரை எட்டு வருஷத்தில் இயற்கையாய் வந்து சேர்ந்தவர்கள் மொத்தமே 16 பேர். அந்தப் பதினாறு பேரை வைத்துத் தொட்டியில் குலம் வளர்த்தீர்கள்.

இதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும்: நீங்கள் செய்யாவிட்டால் நான் இல்லை. ராத்திரி பகலாகத் தொட்டிக்குக் காவல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். ஜுரம் வந்த பிள்ளையைப் பார்ப்பது மாதிரி சினைத் தட்டைக் குனிந்து பார்ப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. என் குமுறல் வேறு. வீட்டைக் கொளுத்திவிட்டு, வெளியே ஓடிவந்த பிள்ளைக்கு மருந்து போடுகிறவரை என்ன சொல்வது? மருந்து நல்ல மருந்துதான். வீடு இன்னும் எரிகிறதே.

இலையுதிர் காலத்தில் என்னைக் கொண்டுவந்து ஏரியில் விட்டார்கள். மேலே பனி உறைந்து மூடியது. அடியில் இருட்டில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தேன். பனி உருகி மே மாதம் வந்ததும் உடம்புக்குள் ஏதோ கிளம்பியது. யாரும் சொல்லித் தரவில்லை. விலாவில் இருந்த கரும்பட்டைகள் மறைந்தன, செதில் வெள்ளியாய் மின்னத் தொடங்கியது, உடம்பு மெலிந்து நீண்டது. பெரிய மாற்றம் வெளியே தெரியாது, செவுளுக்குள் நடக்கும். ஏரியில் இருந்தவரை நான் தண்ணீர் குடித்ததே இல்லை. நல்ல தண்ணீரில் தண்ணீர் தானாகவே உடம்புக்குள் ஏறும். அதை வெளியே தள்ளுவதுதான் எங்கள் வேலை. கடலில் நேர்மாறு. அங்கே குடிக்காவிட்டால் வற்றிச் சாவோம். குடித்த உப்பைச் செவுள் வழியே வெளியே இறைக்க வேண்டும். ஆற்றோடு போகிற அந்தச் சில வாரத்துக்குள் உடம்பு இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். நிறைமாதக்காரியின் உடம்பு மாதிரி இதற்கு நாள் குறித்திருக்கிறது. சீக்கிரம் போனாலும் ஆபத்து, தாமதமானால் அதைவிட ஆபத்து. தண்ணீர் சூடேறி நாளும் கடந்துவிட்டால் உடம்பு 'கடல் வேண்டாம்' என்று பழையபடி திரும்பிக்கொள்ளும்.

இறங்குகிற விதத்தையும் சொல்கிறேன், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வால் முன்னே, தலை பின்னே. ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்போம். ஓட்டம் எங்களைப் பின்பக்கமாய்க் கொண்டுபோகும். ஊரைப் பார்த்தபடியே ஊரைவிட்டுப் போகிற சாதி நாங்கள். ஒவ்வொரு கிளையாறு வந்து கலக்கும்போதும் அதன் வாசனையை மூக்கில் முடிச்சுப் போட்டுக்கொள்வோம். திரும்பி வரும்போது அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்துக்கொண்டே வந்தால் ஊர். 1950களில் ஆர்தர் ஹாஸ்லர் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவரும் மீன்களின் மூக்கை அடைத்துவிட்டு ஆற்றில் விட்டுப் பார்த்தார்கள். ஆறு இரண்டாய்ப் பிரிகிற இடத்தில் மூக்கடைத்த மீன்கள் தடுமாறின. அவ்வளவு தெளிவாக, எங்களைவிடத் தெளிவாக, உங்களுக்குத் தெரியும் எங்கள் படிப்பு என்னவென்று. ஓடுகிற தண்ணீர்தான் பள்ளிக்கூடம். போகிற வழிதான் பாடம்.

ரெட்ஃபிஷ் ஓடையில் இறங்கினேன். சால்மன் ஆறு வந்தது. எங்கள் பெயரையே வைத்திருக்கிற ஆறு. அங்கே அணை இல்லை. பாறையில் மோதிச் சுழன்று, வெள்ளை நுரையாய்க் குதித்து ஓடுகிறது. ராத்திரியில் இறங்குவோம், பகலில் கல்லுக்கடியில் ஒதுங்குவோம். அந்த நாட்கள் போதும் எனக்கு. அதன்பின் ஸ்னேக் ஆறு. லூயிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் ஓட்டம் நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்றால் நின்றே விட்டது அம்மா. முதுகுக்குப் பின்னால் யாரோ தள்ளிக்கொண்டு வந்த கையை எடுத்துவிட்ட மாதிரி. வாலை முன்னே நீட்டிக்கொண்டு காத்திருந்தோம், எதுவும் வந்து இழுக்கவில்லை. எந்தப் பக்கம் கடல் என்று தண்ணீர்தானே சொல்லும்? தண்ணீர் வாய் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் உடம்பைத் திருப்பி நீந்தத் தொடங்கினோம். கடலில் பிழைக்கச் சேர்த்து வைத்த கொழுப்பை அந்தக் குட்டையில் எரித்தோம்.

லூயிஸ்டனிலிருந்து இங்கே பான்வில் வரை 300 மைலுக்கு மேல். அது முழுக்க ஒரு காலத்தில் ஆறு. இப்போது படிக்கட்டு மாதிரி அடுக்கி வைத்த எட்டுக் குளங்கள். 1953இல் மெக்நேரி, 1957இல் த டாலஸ், அதன்பின் ஸ்னேக்கில் ஐஸ் ஹார்பர், லோயர் மானுமென்டல், லிட்டில் கூஸ், நடுவே கொலம்பியாவில் ஜான் டே, கடைசியாக 1975இல் மறுபடியும் ஸ்னேக்கில் லோயர் கிரானைட். அதற்கு முன்னால் ஒரு குஞ்சு வசந்த வெள்ளத்தில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு வாரத்துக்குள் கடலைப் பார்த்துவிடும். குளங்கள் வந்தபின் ஒரு மாதம், அதற்கு மேலும்.

எதற்காக என்று தொட்டியில் இருந்தபோது கேட்டிருக்கிறேன். ஸ்னேக் ஆற்றின் அந்த நான்கு அணைகளும் வெள்ளத்தைத் தடுப்பதற்கில்லை. மின்சாரம் கொஞ்சம் வருகிறது. அதைவிட முக்கியம், லூயிஸ்டன் வரை கோதுமைப் படகு போக வேண்டும். அதனால் கடலிலிருந்து 465 மைல் உள்ளே, மலையடிவாரத்தில் ஒரு துறைமுகம். கடலை மலைவரைக்கும் கொண்டுபோய்விட்டீர்கள், மலையில் பிறந்த எங்களைக் கடலுக்குப் போக விடவில்லை.

இறங்குகிற வழியில் முதலாவதான லோயர் கிரானைட்டில்தான் என்னைச் சலித்தெடுத்தீர்கள். டர்பைன் வாய்க்கு முன்னால் சாய்வாக ஒரு சல்லடை. அதில் முட்டி மேலே ஏறி, ஒரு துளைக்குள் விழுந்து, இருட்டுக் குழாயில் உருண்டு, வெளிச்சத்தில் ஒரு தட்டில் வந்து விழுந்தேன். மயக்க மருந்து கலந்த தண்ணீர். ஒரு கை எடுத்து அளந்தது. வயிற்றுக்குள் அரிசி மணி அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது எனக்கு, தொட்டியிலேயே ஊசி போட்டு ஏற்றியது. கருவி 'பீப்' என்றது. 'இவள்தான்' என்றது திரை. முதுகின் பின்கோடியில் கொழுப்புத் துடுப்பு என்று ஒரு சின்ன மடல் உண்டு. தொட்டிப் பிள்ளை என்று அடையாளம் தெரிய அதையும் நறுக்கியிருக்கிறார்கள், மாட்டுக்குக் காதை அறுக்கிற மாதிரி. இவ்வளவு அடையாளம் போட்டு வைத்த பிள்ளை தொலைந்துபோகாது என்ற நம்பிக்கை போலும்.

என் தம்பி சல்லடைக்குக் கீழே போய்விட்டான். டர்பைன் இலை அவனை வெட்டவில்லை; வெட்டுப்படுகிறவர்கள் கொஞ்சம்தான். அழுத்தம் சட்டென்று விழும், அந்த ஒரு நொடியில் வயிற்றுக் காற்றுப்பை ஊதி வெடிக்கும். அவன் அந்தப் பக்கம் வெளியே வந்தபோது கண் பிதுங்கியிருந்தது. பக்கவாட்டில் சாய்ந்து வட்டம் சுற்றினானாம். கடல்காக்கைகள் அந்த நுரைக்கு மேல்தான் எப்போதும் காத்திருக்கும்.

என்னைக் கப்பலில் ஏற்றினார்கள். பார்ஜ் என்பீர்கள். 1970களிலிருந்து இதுதான் வைத்தியம்: ஆற்றை ஓட விட முடியாது, ஆகவே மீனை ஏற்றிக்கொண்டு போவது. கூட்டம் குறைவாயிருந்தால் டேங்கர் லாரி. பாட்டன் பெயரும் லாரி, பேரப்பிள்ளைகளை ஏற்றிய வண்டியும் லாரி. சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கே சிரிப்பு வந்தது.

கப்பல் தொட்டிக்குள் இரும்பு வாசனை. கோதுமைக் கப்பல் முன்னே போகிறது, குஞ்சுக் கப்பல் பின்னே போகிறது. எங்களோடு பெரிய ஸ்டீல்ஹெட் குஞ்சுகளையும் போட்டிருந்தார்கள். எங்களைப் போல இரண்டு மடங்கு. அவர்கள் அசைந்தாலே நாங்கள் மூலையில் ஒண்டுவோம். வழியெல்லாம் ஆற்றுத் தண்ணீரைப் பம்ப் வைத்து உள்ளே சுற்ற விட்டார்கள், பிள்ளைகள் வாசனை பிடித்துக்கொள்ளட்டும் என்று. நல்ல எண்ணம்தான். இரண்டு வாரப் பாடத்தை இரண்டு நாளில், இரும்புப் பெட்டிக்குள், படகு எஞ்சின் அதிர்வோடு நடத்தினால் எது மண்டையில் ஏறும்? இந்தத் தண்ணீர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது, எந்தக் கிளையாறு எந்தக் கரையில் வந்து விழுந்தது, ஒன்றும் தெரியவில்லை. நடுராத்திரி, இதோ இந்த அணைக்குக் கீழே எங்கேயோ, அடியைத் திறந்தார்கள். விழுந்தோம்.

நூற்றுக்கு இத்தனை பேரை உயிரோடு சேர்த்தோம் என்று அன்றைய ஏட்டில் எழுதியிருப்பீர்கள். பொய்யில்லை. பெட்டிக்குள் சாகவில்லைதான். பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகு, கழிமுகத்தில், கடலில், மெலிவாலும் நோயாலும் சாகிறவர்கள் ஏட்டில் வருவதில்லை. அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள், 'தாமதச் சாவு' என்று. குஞ்சாகப் போன நூறு பேரில் இரண்டு பேராவது திரும்பினால்தான் எங்கள் குலம் நிற்கும் என்று நீங்களே வரைமுறை போட்டீர்கள். ஸ்னேக் ஆற்றில் பெரும்பாலான வருஷம் அந்த இரண்டு பேர் திரும்புவதில்லை.

கழிமுகத்தின் பறவைகளைப் பற்றி உங்களுக்கு ஒரு தனிக் கோபம் உண்டு, அதையும் கேட்டிருக்கிறேன். ரைஸ் தீவு என்று ஒன்று. கப்பல் போக ஆற்றை ஆழப்படுத்தித் தோண்டிய மணலை நீங்களே கொட்டி உண்டாக்கிய தீவு. வெறும் மணல், மரமில்லை, நரியில்லை. காஸ்பியன் ஆலாக்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆயிரக்கணக்கில் வந்து முட்டையிட்டன. 1998இல் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட குஞ்சுகளைத் தின்றன. பிறகு என்ன செய்தீர்கள்? கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஈஸ்ட் சாண்ட் தீவில் பொம்மை ஆலாக்களை நட்டு, ஒலிபெருக்கியில் ஆலாக் குரலைப் போட்டு, அவற்றை அங்கே வரவழைத்தீர்கள். அங்கே நெத்திலி கிடைக்கும், சால்மனைக் குறைத்துத் தின்னும் என்று. கொஞ்சம் குறைந்தது, உண்மை. 2015இல் அதே தீவின் நீர்க்காகங்களைத் துப்பாக்கியால் சுட்டீர்கள், கூட்டிலிருந்த முட்டைகளில் எண்ணெய் பூசினீர்கள். ஆற்றுக்குள் பைக்மினோ மீனின் தலைக்கு விலை வைத்து 1990இலிருந்து பணம் கொடுக்கிறீர்கள். நீர்க்காகமும் பைக்மினோவும் ஆயிரம் வருஷமாய் எங்களைத் தின்கிறவர்கள்தான். தின்றும் நாங்கள் கோடிக்கணக்கில் இருந்தோம். குளத்தில் களைத்து, தாமதமாகி, மயங்கி வருகிற பிள்ளையைத் தட்டில் வைத்து அவர்கள் முன்னால் தள்ளியது யார்?

அந்தத் தீவுகளில் பறவைகள் போன பிறகு உங்கள் ஆட்கள் கருவியோடு வந்து மணலைத் தடவுவார்கள். எச்சத்தோடு விழுந்து கிடக்கும் கண்ணாடிக் குப்பிகள் ஒவ்வொன்றாய் 'பீப், பீப்' என்று பேர் சொல்லும். சுடுகாட்டில் மறுநாள் எலும்பு பொறுக்குகிற மாதிரி. எந்தத் தொட்டி, எந்த வருஷம், எந்த நாள் விட்டது என்று எல்லாம் தெரிந்துவிடும். என்னோடு ஒரே தட்டில் பொரித்தவர்கள் அங்கே மணலுக்குள் இன்னும் எண்ணாகக் கிடக்கிறார்கள்.

நான் தப்பினேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

முதல் உப்பு செவுளில் பட்டபோது எரிந்தது. பிறகு முதல் தடவையாகத் தண்ணீர் குடித்தேன். கடலைப் பற்றி நீளமாகச் சொல்ல நேரமில்லை. வடக்கே திரும்பினோம், கரையை ஒட்டி, வாஷிங்டன் தாண்டி, வான்கூவர் தீவு தாண்டி, அலாஸ்கா வளைகுடா வரை. கூனி தின்றோம். கூனி தின்றுதான் எங்கள் சதைக்கு அந்தச் சிவப்பு. திசை எப்படித் தெரிந்தது என்றால், பூமியின் காந்தத்தை உடம்பு படிக்கிறது. 2013இல் உங்கள் ஆட்கள் ஃப்ரேசர் ஆற்றுச் சாக்கைகளின் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட மீன்பிடிக் கணக்கை எடுத்துப் பார்த்து, கடலுக்குள் நுழைந்த இடத்தின் காந்தத்தை நினைவில் வைத்துத்தான் இவை திரும்புகின்றன என்று எழுதினார்கள். ஆக, கழிமுகம் வரை காந்தம் கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு மேல் மூக்கு. என் மூக்கின் கதையைத்தான் சொல்லிவிட்டேனே.

வழியில் கனடாப் பக்கத்துச் சித்தப்பன் பிள்ளைகளைப் பார்த்தேன். பிங்க் சால்மன்கள். அவர்கள் எங்களைவிடப் பாவம். சரளையிலிருந்து வெளியே வந்ததும் கடலுக்கு இறங்குகிறவர்கள், ஒரு சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, உடம்பில் செதில்கூட மூடியிருக்காது. அவர்கள் போகிற வாய்க்கால் ஓரத்தில்தான் வலைக்கூண்டு கட்டி அட்லாண்டிக் சால்மன் வளர்த்தீர்கள். கூண்டிலிருந்து கடற்பேன் வந்து ஒட்டிக்கொள்ளும். பெரிய மீனுக்குப் பேன் ஒரு தொல்லை. செதில் இல்லாத பிள்ளைக்கு அது எமன். 2001இல் பிராட்டன் தீவுக்கூட்டத்தில் அலெக்ஸாண்ட்ரா மார்ட்டன் என்ற பெண்மணி பேன் பிடித்த குஞ்சுகளை அள்ளிக் காட்டினார். 2024இல்தான் கனடா அரசு, 2029 ஜூன் 30க்குள் பிரிட்டிஷ் கொலம்பியாக் கடலில் திறந்த வலைக்கூண்டுகள் இருக்காது என்று சொல்லியிருக்கிறது. 2001க்கும் 2029க்கும் நடுவில் பிங்க் சால்மனுக்குப் பதினான்கு தலைமுறை.

இப்போது இங்கே நிற்கிறேன். ஜூலை. ஆற்றுக்குள் நுழைந்ததிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை, இனி சாகிறவரை சாப்பிட மாட்டேன். வயிற்றில் இரண்டாயிரத்துக்கு மேல் சினை முற்றிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் சுடுகிறது. வெயிலில் விரித்துப் போட்ட குளத்தில் தண்ணீர் சுடாமல் என்ன செய்யும்? இருபது டிகிரியைத் தாண்டினால் எங்கள் உடம்பு தாங்காது. 2015இல் கொலம்பியாவுக்குள் வந்த சாக்கைகள் ஏறக்குறைய ஐந்து லட்சம். அதில் பாதிக்கு மேல் முதுகில் பூஞ்சை பிடித்து, தோல் வெந்து, வழியிலேயே போயின. என் ஏரிக்குப் போக வேண்டியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சேரவில்லை. குஞ்சாயிருந்தபோது கப்பலில் போனவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள் என்று பிறகு கணக்குச் சொன்னது. வெந்நீரில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் என்று யோசிக்க யாருக்கு உயிர் இருக்கும்? மெக்நேரியைத் தாண்டினால் கொலம்பியா ஒரு பக்கம், ஸ்னேக் ஒரு பக்கம். அந்தச் சந்தியைக் குஞ்சு வயதில் நான் இரும்புக்குள் இருந்து கடந்தேன்.

இவ்வளவுக்கும் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயிரம் கோடி டாலருக்கு மேல் எங்கள் பேரில் செலவாகிவிட்டது. தொட்டி, சல்லடை, கப்பல், லாரி, குப்பி, பொம்மை ஆலா, இந்த நாற்காலி. ஆற்றை ஓட விடுவது மட்டும் பட்டியலில் வராது.

எங்களுக்காகப் பேசியவர்கள் இல்லாமல் இல்லை. இந்த ஆற்றில் ஆதியிலிருந்து எங்களைப் பிடித்துத் தின்றவர்கள், நெஸ் பெர்ஸ், யாக்கமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ் மக்கள். தின்றவர்கள்தான் எங்களுக்காக வழக்காடுகிறார்கள், இதுவும் ஒரு வேடிக்கை. 1855இல் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு, வழக்கமாய்ப் பிடிக்கிற இடத்தில் மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். 1957 மார்ச் 10ஆம் தேதி த டாலஸ் அணையின் கதவுகளை இறக்கினீர்கள்; சில மணி நேரத்தில் செலிலோ அருவி தண்ணீருக்குள் போனது. ஆயிரக்கணக்கான வருஷம் அவர்கள் நின்று வலை வீசிய பாறைகள் அடியில் கிடக்கின்றன, நான் நாளை மறுநாள் அதற்கு மேலே நீந்துவேன். உரிமை காகிதத்தில் இருக்கிறது, அருவி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

நான் ஏரியில் பனிக்கு அடியில் கிடந்த அந்த டிசம்பர், 2023இல், இவர்களோடும் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களோடும் உங்கள் அரசு கையெழுத்துப் போட்டது. அணையை உடைக்கிறோம் என்றுகூட அதில் இல்லை. உடைத்தால் மின்சாரத்துக்கும் கோதுமைக்கும் மாற்று என்ன என்று பார்க்கலாம் என்பதுதான். நான் கடலுக்குப் போய்த் திரும்புவதற்குள், 2025 ஜூனில், இன்னொரு கையெழுத்து அதை ரத்து செய்துவிட்டது. ஒரு மீன் போய் வருகிற நேரத்துக்குக்கூட உங்கள் வாக்கு நிற்காதா?

முடியாத காரியம் என்றால் வாயை மூடிக்கொள்வேன். தெற்கே கிளமத் ஆற்றில் 2024இல் நான்கு அணைகளை இடித்து முடித்தீர்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபரிலேயே சினூக் சால்மன்கள் இடித்த இடங்களைத் தாண்டி ஓரிகனுக்குள் ஏறிவிட்டன. நூறு வருஷமாக அவர்கள் பார்க்காத ஓடை. யார் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது? எந்தக் கப்பல், எந்த லாரி? தண்ணீர் வந்தது, அவர்கள் போனார்கள். நாங்கள் கேட்பதும் அதுதான் அம்மா. தூக்கிச் சுமக்க வேண்டாம். வழியில் நிற்காமல் இருங்கள்.

கதவு சத்தம் கேட்கிறது. கண்ணாடி லேசாக அதிர்கிறது. கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுக்கிறீர்கள். கண்ணைக் கசக்கிக்கொள்ளுங்கள், இன்றைக்குக் கூட்டம் அதிகம். கீழ்ப்படியிலிருந்து ஒரு சினூக் ஏறி வருகிறார், பெரிய உடம்பு, முதுகில் வலை கிழித்த தழும்பு. அவரை எண்ணுங்கள். நான் அவர் விலாவுக்கு அந்தப் பக்கமாக, நிழலோடு போய்விடுகிறேன்.